பொது உளநல ஆலோசகரா, தத்தெடுப்பில் தேர்ந்தவரா?

8 வயதில் எங்கள் மகள் இரவில் உறங்க மறுத்தாள். பள்ளிப் பையில் இரண்டு உடைகளை மடித்து வைத்து, அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். தத்தெடுப்பின் வழியே 11 மாதக் குழந்தையாக எங்களிடம் வந்தவள் அவள். அதை நாங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை என்பதாலேயே, அந்தப் பைக்கும் தத்தெடுப்புக்கும் தொடர்பிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பொதுவான உளநல ஆலோசகர், தத்தெடுப்புக் குடும்பங்களுடன் பணியாற்றியே பழகிய ஆலோசகர் என இருவரிடமும் சென்று, இறுதியில் இரண்டாமவரிடம் நிலைத்தவர்கள் நாங்கள்.

பொது ஆலோசகர் அருகிலேயே கிடைப்பார், விரைவில் நேரம் தருவார். இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு வாய்த்தவர் திறமையானவர். உறங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தினார், மூச்சுப் பயிற்சி தந்தார், நாங்கள் கட்டிலருகே அமர்ந்திருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொன்னார். 6 வாரத்தில் மகள் உறங்கினாள். குறிக்கோள் நிறைவேறியது என்று கோப்பு மூடப்பட்டது. தத்தெடுப்பைப் பற்றி அவர் ஒரு வரியில் கேட்டார், நாங்களும் ஒரு வரியில் பதில் சொல்லி, அதோடு விட்டதே என்று நிம்மதியடைந்தோம். 5 மாதம் கழித்துப் பை மீண்டும் தலைமாட்டுக்கு வந்தது. வீடு திரும்ப நான் 10 நிமிடம் தாமதித்தால்கூட அவள் கொதித்துப்போனாள்.

இரண்டாமவர் முதல் அமர்வில் ஒரு தாளைக் கொடுத்து, அவள் வாழ்க்கையை ஒரு கோடாக வரையச் சொன்னார். நாங்களாக இருந்தால் அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தொடங்கியிருப்போம். அவளோ அந்த நாளுக்கு முன்னால் ஒரு சிறு கட்டம் போட்டு, அதைக் காலியாக விட்டுவிட்டு, "அந்த அம்மாவுக்கு என் முகம் ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டாள். ஆலோசகர் உடனே ஆறுதல் சொல்லவில்லை. பிறகு எங்களிடம் தனியே, பெற்ற தாயைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். "உன்மேல் இருந்த அன்பினால்தான் கொடுத்தார்" என்று சொல்லியிருந்தோம். அன்புள்ளவர்கள் பிள்ளையைக் கொடுத்துவிடுவார்கள் என்றால், நீங்களும் அன்புள்ளவர்கள்தானே என்றார். பை எதற்கென்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒரு வீட்டுக்கு வந்தோம் என்றால் இன்னொரு வீட்டை இழந்தோம் என்பதும் அதில் அடங்கும் என்பது பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இந்த வயதில்தான் உறைக்கத் தொடங்குகிறது என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிராட்ஜின்ஸ்கியின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தத்தெடுப்பின் அடிப்படைச் சிக்கல்கள் ஏழு என்று 1982-இல் அத்துறையில் பணியாற்றிய சில்வர்ஸ்டீனும் கப்லனும் வகுத்த பட்டியலிலும் முதலில் நிற்பது இழப்புதான்.

என் தேர்வைத் தீர்மானித்தது, சில ஆண்டுகள் கழித்தும் அதே ஆலோசகரிடம் திரும்பிச் செல்ல முடியுமா என்பதே. இந்த இழப்பு ஒருமுறை பேசித் தீர்வதன்று. யார் சாயலில் இருக்கிறேன் என்று பதின்பருவத்திலும், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று மருத்துவர் கேட்கும்போதும், தனக்கொரு குழந்தை பிறக்கும்போதும் வேறு வேறு கேள்வியாக எழக்கூடியது. தத்தெடுப்பில் தேர்ந்தவர் அதை எதிர்பார்த்தே பணியை அமைக்கிறார். மகளின் 10-ஆம் வயதில் வகுப்பில் வம்சமரம் வரையச் சொன்னபோது மீண்டும் சென்றோம். அவர் பழைய தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். தொடக்கத்திலிருந்து எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இரண்டே அமர்வுகள் போதுமாயின. அன்று அவள் காலிக் கட்டத்துக்குள் தன் பிறந்த தேதியை எழுதினாள்.

தத்தெடுப்பில் தேர்ந்தவரிடம் செல்வதிலும் குறைகள் உண்டு. இத்தகையவர்கள் அரிது, நாங்கள் 3 மாதம் காத்திருந்தோம். கணக்குப் பாடத்தின் மீதான பயத்துக்குக்கூடத் தத்தெடுப்பைக் காரணமாகப் பார்க்கும் சாய்வும் சிலரிடம் வரக்கூடும். பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல், எத்தனை தத்தெடுப்புக் குடும்பங்களுடன் பணியாற்றியிருக்கிறார், பெற்றோரையும் அமர்வில் சேர்த்துக்கொள்வாரா என்று முதலிலேயே கேளுங்கள். பிணைப்பை உண்டாக்குவதாகச் சொல்லிக் குழந்தையை வலுக்கட்டாயமாக இறுக்கிப் பிடிக்கும் முறை எதுவானாலும் உடனே எழுந்து வந்துவிடுங்கள். தத்தெடுக்கப்பட்ட 10 வயதுச் சிறுமி ஒருத்தி 2000-இல் அமெரிக்காவின் கொலராடோவில் அத்தகைய அமர்வொன்றின் விளைவாகத்தான் உயிரிழந்தாள்.

தத்தெடுத்த பெற்றோரின் குழுக்கள் நல்ல துணை, ஆனால் ஆலோசனைக்கு மாற்று ஆகா. நான் அறிந்தது ஒரு குழந்தையின் கதை மட்டுமே. வளர்ந்த பின்னர் உண்மை தெரியவந்தவர்களுக்கு இதே தேர்வு பொருந்துமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதோ உணவை அறவே மறுப்பதோ தென்பட்டால், தேர்ந்தவர் கிடைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.