குட்ராமா, ஸ்விஸ்பிட்டா?

ஐரோப்பாவில் செய்த ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வட்டு) வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் கண்ணில் படும். போலந்தின் வாசிஸ்கா குர்னே ஊரில் தயாராகும் குட்ராம், வீட்டுக் கணினிக்கானது. விலையும் கைக்கு எட்டும். பெர்லினில் ஆலை வைத்திருக்கும் ஸ்விஸ்பிட், தொழிற்சாலை இயந்திரங்களுக்கானது. மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை தாங்கும் ரகங்களும் உண்டு. வீட்டுக்கு அது வீண் செலவு.

ஆனால் இரண்டிலும் ஐரோப்பிய வேலை என்பது பெரும்பாலும் பலகையில் சில்லுகளைப் பற்றவைத்துச் சோதிப்பதுதான். நினைவகச் சில்லு வருவது சாம்சங், மைக்ரான், கியோக்ஸியா போன்ற வெளியாரிடமிருந்து. ஜெர்மனியின் டிரெஸ்டனில் ராமுக்கான டிராம் சில்லையே வார்த்த கிமோண்டா நிறுவனம் 2009-இல் திவாலானது. சமையல் இங்கே, அரிசி அங்கே! என் கணினிக்கென்றால் குட்ராம்தான்.