பஞ்சரானால் எது கை கொடுக்கும்? ஸ்டெப்னி, ரப்பர் திரி, சீலண்ட், ரன்ஃபிளாட்

கார் டயர் பஞ்சரானால் என்ன செய்வீர்கள் என்று யாரைக் கேட்டாலும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்டெப்னி மாட்டுவோம். ஆனால் இப்போது வரும் கார்கள் பலவற்றில் டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னி இருப்பதில்லை. ஓட்டையை அடைக்கும் கூழ் (சீலண்ட்) உள்ள ஒரு பாட்டிலும், காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரும் இருக்கும். சில கார்களில் அதுவும் கிடையாது, டயரே ரன்ஃபிளாட், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை என்று சொல்லிவிடுவார்கள். இவை போக, பஞ்சர் கடைக்காரர் பயன்படுத்தும் ரப்பர் திரியைத் தாங்களே வாங்கி வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

இதில் எது மேல் என்று பேசும்போது விலை, எடை, டிக்கியில் அடைக்கும் இடம் என்றுதான் பேச்சு போகும். நான் பார்ப்பது வேறு கணக்கு. ஓடும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையோரத்தில் எத்தனை நிமிடம் குந்தியிருக்க வேண்டும்? பஞ்சரால் ஆளுக்கு ஆபத்து வருவது அரிது. ஒட்டுவதற்காக நிற்கும் நேரத்தில்தான் ஆபத்து.

ஸ்டெப்னி

இந்தப் பெயரே ஒரு கதை. கார் வந்த புதிதில் அதில் மாற்றுச் சக்கரம் கிடையாது. 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் டேவிஸ் சகோதரர்கள் காற்றடித்த டயரோடு கூடிய ஒரு ரிம்மைச் செய்தார்கள். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் மேலேயே இதைக் கவ்வ வைத்து ஓட்டிப் போகலாம். அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. தெருப் பெயர் பொருளுக்கு வந்து, நம் வாயில் இன்னும் இருக்கிறது.

முழு அளவு ஸ்டெப்னிக்கு இணை எதுவும் இல்லை. பக்கச்சுவர் கிழிந்தாலும், குழியில் இறங்கி ரிம்மே நெளிந்தாலும், மாட்டிவிட்டுப் பழையபடி போகலாம். மற்ற எந்த வழிக்கும் இந்தத் தெம்பு கிடையாது. ஆனால் பல கார்களில் இருப்பது ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி. அதில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று வேண்டும், சாதாரண டயரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காற்றடிக்கும் இடத்தில் நாலு டயருக்கும் அடித்துவிட்டு ஐந்தாவதை மறந்துவிடுகிறோம். நிற்கிற டயரிலிருந்தும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கசியத்தான் செய்யும். இரண்டு வருடம் தொடாத ஸ்டெப்னியை நம்பிப் போவதும் ஸ்டெப்னி இல்லாமல் போவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நேரக் கணக்குக்கு வருவோம். பழகிய கைக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும். எனக்கு ஒருமுறை ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குச் சில வாரம் முன்பு ஒரு கடையில் டயர் மாற்றியிருந்தேன். ஏர் கன் வைத்து நட்டுகளை இறுக்கிவிட்டிருந்தார்கள். காரோடு வந்த ஸ்பேனரோ ஒரு சாண் நீளம். கையால் அசையவில்லை. ஸ்பேனரின் நுனியில் ஒரு காலை வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றேன். நாலு நட்டு ‘டக்’ என்று விட்டது. ஐந்தாவதில் ஸ்பேனர் வழுக்கி, நட்டின் மூலைகள் மழுங்கி, என் முழங்கால் பம்பரில் போய் இடித்தது. அதையும் எப்படியோ கழற்றினால் சக்கரம் வரவில்லை, துருப்பிடித்து, அதை மாட்டும் அச்சின் ஹப்போடு ஒட்டிக்கிடந்தது. நட்டுகளை மறுபடி மாட்டி, ஒரு சுற்று மட்டும் தளர்வாக விட்டு, ஜாக்கியை இறக்கி, வண்டியை ஓரடி முன்னும் பின்னும் அசைத்தபோதுதான் பிடி விட்டது. இத்தனையும் லாரிகள் பறக்கும் பக்கத்துச் சக்கரத்தில்.

அன்றிலிருந்து டயர் கடையில் வேலை முடிந்ததும் ஒரு நட்டையாவது காரின் சொந்த ஸ்பேனரால் தளர்த்தி இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். டிக்கியில் ஒரு முழ நீளத்தில் இரும்புக் குழாய் ஒன்றும் கிடக்கிறது. ஸ்பேனரின் கைப்பிடியில் அதைச் செருகினால் பாதி பலம் போதும்.

மாட்டும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு பலம் போட்டுத் திருகினால் ஜாக்கி சரியும். ஜாக்கி உட்கார வேண்டிய இடம் கதவுக்குக் கீழே, அடிவிளிம்பில், சின்ன வெட்டுக் குறிகளோடு இருக்கும். ஒரு நட்டை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரில் இருப்பதை இறுக்க வேண்டும், நட்சத்திரம் வரைவது போல. கடைசி இறுக்கம் வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு. ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

ரப்பர் திரி

டியூப்லெஸ் டயருக்கு மட்டும் இது. அரம் போன்ற ஊசியால் ஓட்டையைத் துருவி, பசை தடவிய திரியைக் காதுள்ள ஊசியில் கோத்து உள்ளே குத்தி, நுனி கொஞ்சம் வெளியே நிற்கும்போது ஊசியை வெடுக்கென்று இழுத்தால் திரி உள்ளே மடிந்து தங்கிவிடும். நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டுக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பார்க்கச் சுலபம். முதல்முறை ஊசியைக் குத்தும்போதுதான் டயருக்குள் இரும்புக் கம்பி வலை இருப்பது தெரியும். உடம்பு பாரம் முழுவதையும் போட வேண்டும். ஆணி குத்திய இடம் அடிப்பக்கம் இருந்தால் வண்டியை உருட்டி வெளியே கொண்டுவர வேண்டும்; பின் சக்கரமென்றால் ஜாக்கியே போட வேண்டி வரலாம். ஆக, நேரக் கணக்கில் ஸ்டெப்னிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயன் எங்கே என்றால், ஒரே பயணத்தில் இரண்டாவது பஞ்சர் ஆனாலும் கையில் வழி இருக்கும்.

திரி போட்ட டயரை வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஊர் போய்ச் சேரும் வரைக்கான ஏற்பாடாகத்தான் நினைக்கிறேன். டயர் தயாரிப்பாளர்கள் ஒப்புக்கொள்ளும் முறை வேறு: டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்து, காளான் வடிவ பேட்ச் ஒன்றை உள்ளிருந்து ஒட்டுவது. தண்டு ஓட்டையை அடைக்கும், குடை உள்சுவரோடு ஒட்டும். முக்கியமாக, உள்ளே பார்த்தால்தான் காற்றில்லாமல் ஓடி பக்கச்சுவர் அரைபட்டிருக்கிறதா என்று தெரியும். அரைபட்டிருந்தால் கரும்பொடி உதிர்ந்து கிடக்கும். அந்த டயரில் எந்த ஒட்டும் பயனில்லை. ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலும், பக்கச்சுவரிலோ, அது தரையில் படும் பரப்போடு சேரும் தோள்பட்டையிலோ இருந்தாலும் அதே தீர்ப்புதான்.

சீலண்டும் கம்ப்ரஸரும்

என் அளவுகோலில் இதுதான் முன்னே நிற்கிறது. ஜாக்கி வேண்டாம், நட்டு வேண்டாம், சட்டையில் கரி படாது. வால்வில் குழாயை மாட்டி, 12 வோல்ட் சாக்கெட்டில் செருகி, எஞ்சினை ஓடவிட்டு, சாலைத் தடுப்புக்கு அப்பால் போய் நின்றுகொள்ளலாம். சீலண்ட் உள்ளே போகும்போது அழுத்தமானி முள் திடீரென்று எகிறும். வால்வுக்குள் கூழ் தள்ளப்படுவதால் அப்படி. அரை நிமிடத்தில் இறங்கிவிடும், பயப்பட வேண்டாம். காற்று நிரம்பியதும் தாமதிக்காமல் வண்டியைக் கிளப்ப வேண்டும், சுற்றினால்தான் சீலண்ட் பரவி ஓட்டையில் அடையும். சில கிலோமீட்டர் போய், பத்திரமான இடத்தில் நிறுத்தி அழுத்தம் பார்க்க வேண்டும். நன்றாக இறங்கியிருந்தால் ஓட்டை இதற்கு அடங்காது என்று அர்த்தம்.

குறைகள் இல்லாமல் இல்லை. டயரில் வெட்டு விழுந்தால் பாட்டில் வெறும் பாட்டில்தான். ஒருமுறைதான் பயன்படும். காலாவதித் தேதி உண்டு, பெரும்பாலோர் அதைப் படித்ததே இல்லை. பஞ்சர் கடையில் டயரைப் பிரித்ததும் வழவழவென்று வழியும். வேலை செய்பவர் முகம் சுளிப்பார். உள்ளே சீலண்ட் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

ஆனால் பாட்டிலைத் திறக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். ஆணி இன்னும் டயரிலேயே இருக்கிறதா? இருந்தால் பிடுங்காதீர்கள். ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருப்பதே அந்த ஆணிதான். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் காற்று பெரும்பாலும் மெல்லத்தான் இறங்கும். வெறும் கம்ப்ரஸரால் காற்றை நிரப்பிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தை இடையிடையே பார்த்துக்கொண்டு பஞ்சர் கடைவரை போய்விடலாம். எனக்கு நேர்ந்த பஞ்சர்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் தீர்ந்தது. ஸ்டெப்னி உள்ள காரிலும் கையடக்க கம்ப்ரஸர் இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஸ்டெப்னியில் காற்றில்லை என்று தெரியவரும் நாளில் அதற்கும் உதவும்.

ரன்ஃபிளாட்

நிற்கவே வேண்டாம் என்பது இதன் பெருமை. பக்கச்சுவரைத் தடிமனாகக் கட்டியிருப்பதால் காற்று போனாலும் ரிம் தரையில் உட்காராது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள், சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். இரவில் தனியாக ஓட்டுபவருக்கு இது பெரிய நிம்மதி. அதற்குக் கொடுக்கும் விலையைச் சாதாரண நாட்களில் முதுகு அறியும். குண்டும் குழியுமான சாலையில் ஒவ்வொரு குழியும் இருக்கைக்கு வந்து சேரும். காற்றில்லாமல் ஓடிய டயரைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும், அதே அளவு எல்லா ஊரிலும் கிடைக்காது. டயரில் காற்றில்லை என்பதே கண்ணுக்குத் தெரியாது என்பதால் அழுத்தத்தைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு கட்டாயம் வேலை செய்ய வேண்டும்.

சாதாரண டயர் வைத்திருப்பவரும் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வளைவிலோ, பாலத்திலோ, ஓரம் இல்லாத வேகச்சாலையிலோ காற்று போனால் அங்கேயே நிறுத்தி எதையும் ஆரம்பிக்க வேண்டாம். பிரேக்கை அழுத்தாமல், ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, வேகம் தானாகக் குறையவிட்டு, நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, நடை வேகத்தில் அகலமான இடம்வரை உருட்டிப் போங்கள். டயர் நார்நாராகும், ரிம்மும் போகலாம். போகட்டும். கடையில் டயர் வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது என் டிக்கியில் இருப்பவை: ஸ்டெப்னி, கம்ப்ரஸர், ஆறு திரி உள்ள பெட்டி, தலையில் மாட்டும் விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேலங்கி, அந்த இரும்புக் குழாய். சீலண்ட் பாட்டில் வாங்கவில்லை. ஸ்டெப்னி இல்லாத கார் வாங்கினால் முதலில் வாங்குவது அதைத்தான். திரியை இதுவரை இரண்டு முறை தொட்டிருக்கிறேன், இரண்டும் வீட்டு வாசலில்.