போர்டு போகவே இல்லை: வாஷிங் மெஷின் சர்வீஸில் 5,800 ரூபாய் ஏமாந்த கதை

வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லை என்று ஆள் கூப்பிடப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் 5,800 ரூபாய் அநியாயமாகப் போயிருக்கிறது.

மேடவாக்கத்தில் இரண்டாவது மாடி வீடு. போர் தண்ணீர்தான், கோடையில் லாரித் தண்ணீரும் சேரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினார்கள். மறுநாள் துணியைப் போட்டு மெஷினை ஓட விட்டால், பின்பக்கம் மேலே ஹோஸ் சேரும் இடத்தில் 'கொர்ர்ர்' என்று சத்தம் மட்டும் வருகிறது, தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எரர் காட்டி நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தை நினைவில் வையுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

வாரண்டி முடிந்த மெஷின். கம்பெனி பெயரோடு 'சர்வீஸ் சென்டர்' என்று போட்டு போனில் தேடி, முதலில் வந்த நம்பருக்குப் பேசினேன். கம்பெனி பெயரைச் சொல்லித்தான் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஆள் வந்தார். ஆன் செய்தார், அதே கொர்ர்ர். "போர்டு போயிடுச்சு மேடம், அதான் வால்வுக்கு கரண்ட் போகல" என்றார். போர்டு என்றால் மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட், வால்வு என்றால் ஹோஸ் சேரும் இடத்தில் தண்ணீரைத் திறந்து மூடும் பாகம். கரண்ட் சோதிக்கும் மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. 3,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு போர்டைக் கழற்றி எடுத்துப் போனார். திரும்ப மாட்டும்போது ஒயர் மாறிவிடக் கூடாது என்று அத்தை சொன்னதால், கழற்றும்போதே போட்டோ எடுத்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து 'புது போர்டு' வந்தது. மாட்டி முடித்ததும் குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, உள்ளேயிருந்து கட்டைவிரல் நகம் அளவு ஒரு பிளாஸ்டிக் வலையை எடுத்துப் போய் வாஷ்பேசினில் தட்டினார். பழுப்பாகச் சேறு கொட்டியது. "என்னங்க அது?" என்றேன். "சும்மா கிளீனிங் மேடம்." மெஷின் ஓடியது, மீதி 2,800 ரூபாயையும் கொடுத்துவிட்டேன்.

மூன்றே வாரம்தான். மறுபடியும் அதே சத்தம், அதே எரர். அந்த ஆள் போனை எடுக்கவில்லை. அப்புறம் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். சத்தத்தைக் கேட்டதுமே சொன்னார்: "இந்தச் சத்தம் வருதுன்னா வால்வு காயிலுக்கு கரண்ட் வருதும்மா. போர்டு நல்லாத்தான் இருக்கு. தண்ணிதான் உள்ள வரல." காயில் என்றால் கரண்ட் வந்ததும் வால்வைத் திறக்கும் கம்பிச் சுருள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டுக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வேகமாகக் கொட்டியது. குறடால் அந்த வலையை இழுத்தார். வலையின் ஓட்டைகளே தெரியாத அளவுக்கு உப்பும் மணலும் அடைத்திருந்தன. வெறுமனே தட்டினால் போகிற உப்பா அது? வினிகரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்தபோதுதான் வெளிச்சம் ஊடுருவியது. எனக்காக வால்வின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தும் காட்டினார், மின்தடை 4.1 கிலோ ஓம். பெரும்பாலான வால்வுகளில் 2 முதல் 5 கிலோ ஓம் வரை காட்டினால் காயில் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தமாம். வாங்கியது 200 ரூபாய்.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். சத்தமே இல்லாமல், மீட்டரிலும் ரீடிங் வரவில்லை என்றால் காயில் அறுந்திருக்கும். அப்போதும் வால்வை மட்டும் மாற்றினால் போதும், சில நூறு ரூபாய்தான். மெஷின் ஆஃபில் இருக்கும்போது டிரம்மில் தண்ணீர் சொட்டினால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சரியாக மூடவில்லை, அதற்கும் போர்டுக்கும் சம்பந்தமில்லை. காயில் நன்றாக இருந்து, கரண்ட் மட்டும் வரவில்லை என்றால்தான் கதவு லாக், ஒயர், போர்டு என்று போக வேண்டும். மேல்மாடி வீடுகளுக்கு இன்னொன்று: பல மெஷின்கள் குறைந்தது 0.3 பார் அழுத்தம் கேட்கும், அதாவது தொட்டித் தண்ணீர் மெஷினுக்கு மேலே சுமார் 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வால்வு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும்.

அண்ணன் போன பிறகு அந்தப் பழைய போட்டோவையும் மாட்டியிருக்கும் 'புது' போர்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஸ்டிக்கரில் அதே சீரியல் நம்பர். ஓரத்தில் இருந்த கீறல்கூட அப்படியே இருக்கிறது. எங்கள் போர்டையே துடைத்துக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்!

கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்டதற்கு அது எங்கள் நம்பரே இல்லை என்றார்கள். பில்லில் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்து, பணம் அனுப்பிய ரசீது, இரண்டு போட்டோ எல்லாம் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

நேற்று அத்தை போனிலிருந்து அதே நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். இந்த முறை வேறொரு கம்பெனி பெயரைச் சொல்லி எடுத்தார்கள். தயவுசெய்து தேடலில் வரும் நம்பரை நம்பாதீர்கள். மெஷினோடு வந்த கையேட்டில் இருக்கும் நம்பருக்குப் பேசுங்கள்.