டிபிஏ 3.0: பன்னிரண்டு பேஸில் ஒரு வேகப்படை

'டி பெல்லிஸ் ஆன்டிகிட்டாட்டிஸ்' என்ற பெயர் வாயில் நுழையாது என்பதால் எல்லாரும் டிபிஏ என்றே சுருக்கிவிட்டார்கள். மேசைமேல் பொம்மைப் படைகளை மோதவிடும் ஆட்டத்துக்காக ஃபில் பார்க்கர் எழுதிய இந்தப் பழங்கால, இடைக்காலப் போர் விதிகள் முதலில் 1990-ல் வந்தன. மூன்றாம் பதிப்பு 2014-ல் வந்தது. விதி, விளக்கப்படங்கள், நூற்றுக்கணக்கான படைப்பட்டியல்கள் எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. தமிழர், சிங்களவர் படைக்கும் ஒரு பட்டியல் உண்டு, ஆனால் அது இங்கே பேச்சில்லை. இதை வைத்து வேகமான, அதே சமயம் ஒரு பக்கம் சாயாத ஒரு குதிரைப்படையைக் கட்ட முடியுமா என்பதுதான் இங்கே பேச்சு.

முடியும். ஆனால் முந்தைய 2.2 பதிப்பில் இருந்த அளவுக்கு வேகம் இப்போது லாபம் தராது. 15 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு 2.2-ல் இலகு குதிரை சுமார் 125 மில்லிமீட்டர் ஓடும், ஈட்டிக்காரர் சுமார் 50 நகர்வார்கள். அதாவது இரண்டரை மடங்கு வித்தியாசம். 3.0-ல் எல்லாமே பேஸ், அதாவது பொம்மைகளை ஒட்டும் தட்டு, அதன் அகலத்தில் அளக்கப்படுகிறது. ஒரு பேஸ் 40 மில்லிமீட்டர். இலகு குதிரைக்கு 4 அகலம், கனத்த காலாளுக்கு 2. குதிரை 160-க்கு உயர்ந்தது, காலாளோ 80-க்குத் தாவிவிட்டான். வித்தியாசம் இரண்டு மடங்காகக் குறைந்துவிட்டது. பழைய பழக்கத்தில் எதிரியின் பக்கவாட்டைச் சுற்றப் போகிறவர்கள், அங்கே போய்ச் சேரும்போது சண்டை நடுவில் ஏற்கெனவே முடிந்திருப்பதைப் பார்ப்பார்கள்.

இதற்கு மருந்தும் புத்தகத்திலேயே இருக்கிறது: பலகையின் அளவு. 15 முதல் 20 பேஸ் அகலம் வரை, அதாவது 600 முதல் 800 மில்லிமீட்டர் வரை, சதுரமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பேஸும் அதன்மேல் நிற்கும் பொம்மைகளும் சேர்ந்தது ஒரு எலிமென்ட். படையின் பன்னிரண்டு எலிமென்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் 480 மில்லிமீட்டர். 600 பலகையில் இருபுறமும் 60 தான் மிஞ்சும். குதிரை திரும்பக்கூட இடமில்லை. 800 பலகையில் இருபுறமும் 160, சரியாக ஒரு இலகு குதிரை ஓட்டம். வேகப்படை வைத்திருப்பவர் ஆட்டத்துக்கு முன்பே 800-க்குப் பேசி முடித்துவிட வேண்டும். எதிராளி 600 தான் என்று பிடிவாதம் பிடித்தால், அவருக்கு ஆட்டம் தெரியும் என்று அர்த்தம்.

புள்ளிக்கணக்கு இதில் கிடையாது. ஒவ்வொரு பட்டியலும் பன்னிரண்டு எலிமென்டையும் தானே சொல்லிவிடும். சில இடங்களில் மட்டும் 'இது அல்லது அது' என்று விடும். ஆகவே சமநிலை என்பது பட்டியலைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிற விஷயம். தேடவேண்டிய கலவை ஏறத்தாழ இது: தளபதியோடு சேர்த்து 4 குதிரைப்படை, 6 இலகு குதிரை, 2 சைலாய் எனப்படும் கவண், எறியீட்டி ஆட்கள். பத்து இலகு குதிரை உள்ள பட்டியல் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் இலகு குதிரையின் சண்டை எண், அதாவது மோதும்போது பகடையோடு கூட்டும் எண், யாரை எதிர்த்தாலும் 2 தான். எதிரியை முன்னால் நின்று தாங்கிப் பிடிக்க 3 உள்ள குதிரைப்படை வேண்டும். காட்டுக்குள் குதிரை நுழைந்தால் சண்டையில் 2 குறையும், ஓட்டமும் செத்துவிடும். அங்கே போக சைலாய் வேண்டும். இரண்டு போதும். மூன்றாவது இருந்தால் அதை நகர்த்தவும் பிப், அதாவது பகடை தரும் நகர்வுப் புள்ளி, கேட்கும்.

வேகப்படையின் கழுத்தைப் பிடிப்பதே இந்த பிப் தான். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை. விழுந்த எண் அளவுக்கு மட்டும் எலிமென்டையோ குழுவையோ நகர்த்தலாம். சராசரி மூன்றரை. இலகு குதிரைக்கு ஒரே முறையில் இரண்டாவது, மூன்றாவது ஓட்டமும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி பிப் போகும், எதிரிக்கு ஒரு பேஸ் அகலத்துக்குள் வந்தால் அந்தச் சலுகை நின்றுவிடும். அதனால் ஆறு இலகு குதிரையையும் தனித்தனியே அலையவிடுவது தற்கொலை. மூன்று மூன்றாக இரண்டு குழு. ஒரு குழுவை 320 மில்லிமீட்டர் ஓட்ட இரண்டு பிப். நல்ல பகடை விழும் முதல் இரண்டு முறைகளில் ஓடிவிட வேண்டும். சண்டை தொடங்கியபின் வரிசை உடையும், குழுக்கள் பிரியும், பிப் தேவை ஏறும். பகடையில் 1 விழுவதும் அப்போதுதான்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது வில்லில். பொம்மையின் கையில் வில் இருக்கும், விதியில் அம்பு பறக்காது. வில்லாளர் காலாட்படை 3 பேஸ் அகலம் எய்யும். குதிரை வில்லாளர்களின் அம்பையெல்லாம் கைகலப்புக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். தூரத்தில் நின்று அம்பு மழை பொழிய ஆசைப்படுபவர் வேறு விதிப்புத்தகத்தைப் பார்க்கலாம்.

சரி, அம்பும் இல்லை, எண்ணும் 2 தான் என்றால் இந்தக் குதிரை எதற்கு? இரண்டு காரணம். நைட் எனப்படும் கனத்த குதிரைவீரன் இலகு குதிரையிடம் ஒரே ஒரு எண்ணில் தோற்றாலும் செத்தான். குதிரைக்கு எதிரே அவன் எண் 4. நேருக்கு நேர் மோதினால் பகடையின் 36 சேர்க்கையில் 6-ல் மட்டுமே நமக்கு வெற்றி. ஒரு பக்கம் நம் ஆள் ஒட்டி நின்றால் அவனுக்கு ஒன்று குறையும், வெற்றி 10 ஆகும். இரு பக்கமும் ஒட்டினால் 15. அதாவது தனியாக மோதும் இலகு குதிரை வீண், மூன்றாகப் போனால் நைட்டுக்கு எமன். நைட் ஜெயித்தால் துரத்திக்கொண்டு முன்னே வருவான். வரிசையை விட்டு அவன் வெளியே வந்த அடுத்த நிமிடம்தான் இருபுறமும் ஒட்டுவதற்கான நேரம்.

இரண்டாவது, கதவைச் சாத்துவது. முன்னால் சண்டையில் சிக்கிய எதிரி எலிமென்டின் பின்விளிம்பில் நம் குதிரை வந்து ஒட்டிவிட்டால், அவன் பின்வாங்க இடமில்லை. வெறுமனே பின்வாங்கவேண்டிய தோல்வியிலும் அழிந்துபோவான். ஆனால் பின்னால் தொட, குதிரை முழுவதும் அவன் பின்விளிம்புக் கோட்டுக்கு அப்பால் இருந்தே புறப்பட வேண்டும். எனவே இது இரண்டு முறை வேலை: முதலில் சுற்றிப்போய் ஒரு பேஸ் அகலம் தள்ளி நிற்பது, அடுத்த முறை சாத்துவது. அந்த இடைவெளியில் முன்வரிசைக் குதிரைப்படை தாங்கி நிற்க வேண்டும். நாலு எலிமென்ட் போனால் ஆட்டம் போச்சு என்பதால், முன்வரிசையில் இரண்டை இழந்துவிட்டு எதிரியின் பின்னால் போய்ச் சேர்வதில் பயனில்லை.

பொம்மைக் கணக்கு சின்னதுதான். குதிரைப்படை எலிமென்டுக்கு 3, இலகு குதிரைக்கு 2, சைலாய்க்கு 2. மேலே சொன்ன கலவைக்கு 24 குதிரைவீரர், 4 காலாள், ஒரு முகாம். குதிரைக்கு 40க்கு 30 மில்லிமீட்டர் பேஸ், சைலாய்க்கு 40க்கு 20. சிக்கல் குதிரைப்படை பேஸில் வரும். மூன்று குதிரை பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தலைக்கு 13 மில்லிமீட்டர்தான் கிடைக்கும்; காலை அகட்டிப் பாயும் குதிரை அதில் அடங்காது. ஒட்டும் முன் வெறும் பேஸில் மூன்றையும் வைத்துப் பாருங்கள். நடுக்குதிரையை நாலைந்து மில்லிமீட்டர் பின்னே தள்ளினால் இடிக்காது. மூக்கு முன்விளிம்பைத் தாண்டவே கூடாது. தாண்டினால் எதிரி பேஸோடு விளிம்பு ஒட்டாது, ஒட்டியதா இல்லையா என்ற சண்டை ஆட்டம் முழுக்க நடக்கும். வார்ப்பு ஈட்டிகள் வளைந்து வளைந்து முறியும். முதலிலேயே வெட்டிவிட்டு, பொம்மையின் உள்ளங்கையில் துளையிட்டு எஃகுக் கம்பி செருகுவது நல்லது.

நிலம் பற்றி ஒரு எச்சரிக்கை. பகடையோடு படையின் ஆக்கிரமிப்பு எண்ணைக் கூட்டி, அதிகம் வந்தவர் படையெடுப்பாளர். நிலத்தை அமைப்பது தற்காப்பவர். புல்வெளிக் குதிரைப்படைகளுக்கு இந்த எண் பெரும்பாலும் உயரம். விளைவு, திறந்தவெளிக்கென்று கட்டிய படை பாதி ஆட்டங்களுக்கு மேல் அடுத்தவன் காட்டிலும் மலையிலும் ஆடும். ஆக்கிரமிப்பு எண் குறைந்த குதிரைப் பட்டியல் கிடைத்தால் விடாதீர்கள்.

புத்தகத்தின் நடை கரடுமுரடு. ஒரே வாக்கியத்தில் நாலு நிபந்தனை, மூன்று விலக்கு. முதல் வாசிப்பில் புரியவில்லை என்றால் அது உங்கள் குற்றமில்லை. நல்லவேளையாகப் படங்கள் காப்பாற்றுகின்றன. பக்கவாட்டில் ஒட்டுவது பற்றிய படங்களை விதியைப் படிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அளவுநாடாவுக்குப் பதில், 160 மில்லிமீட்டர் நீளக் குச்சியொன்றில் 40-க்கு ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் பாதி வாக்குவாதம் குறையும்.