கொமடோர் பெயர் போட்ட போனா, பெயரில்லாத பாண்பெட்டியா?

2015 ஜூலையில் தம்பி ஒரு படம் அனுப்பினான். கீழே, "அண்ணா, கொமடோர் போன் வரப்போகுதாம், வாங்குவமா?" என்று ஒரு வரி. பார்வைக்கு எல்லாரும் வைத்திருக்கும் அன்ட்ரொயிட் போன்தான், ஆனால் முதுகில் அந்த "சி" சின்னம். அதைக் கண்டதும் டோர்ட்முண்டில் நாங்கள் இருந்த இரண்டு அறை வீடு ஞாபகம் வந்துவிட்டது. 1989-இல் அப்பா கொமடோர் நிறுவனத்தின் வீட்டுக் கணினியான கொமடோர் 64 (சி64) ஒன்றைப் பழைய சாமான் சந்தையில் வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குத்தான் வந்தார். ஜேர்மன் பிள்ளைகள் அதன் உருவத்தைப் பார்த்து "பாண்பெட்டி" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. 1995-இல் வீடு மாறும்போது அப்பா அதை யாருக்கோ கொடுத்துவிட்டார். கணினியில் செருகும் இரண்டு நிரல் கார்ட்ரிட்ஜ் மட்டும் மிஞ்சின.

அந்தப் போனை விற்க நினைத்தவர்களுக்கு எங்களைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நான் வாங்கவில்லை. ஐந்து வருடம் கழித்து, 2020-இல், சி64-இன் புதிய நகலான, கொமடோர் என்ற எழுத்தே எங்கும் இல்லாத "த சி64" பெட்டியை வாங்கினேன். இப்போதும் யாராவது "பழைய பெயரில் ஒரு போன் வந்திருக்கு, எடுக்கலாமா" என்று கேட்டால், அந்த ஒப்பீட்டைத்தான் சொல்கிறேன்.

முதலில் போன். பெயர் "பெட்". இரண்டு இத்தாலியத் தொழில்முனைவோர் பிரித்தானியாவில் பதிவுசெய்த நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. ஐந்தரை அங்குலத் திரை, எட்டு கோர் மீடியாடெக் சிப், 13 மெகாபிக்சல் கமரா, கழற்றி மாட்டக்கூடிய 3,000 எம்ஏஎச் பட்டரி, இரண்டு சிம், அன்ட்ரொயிட் 5.0. விலை சுமார் 300 டொலர், கூடுதல் நினைவகம் உள்ளது 365. அந்த வருடத்துக்கு இது ஒழுங்கான நடுத்தரப் போன், அவ்வளவுதான். கொமடோர் என்று சொல்ல உள்ளே இருந்தவை இரண்டு எமுலேட்டர்கள், அதாவது பழைய கணினியைப் போல நடிக்கும் நிரல்கள்: ஒன்று சி64-க்கு, மற்றது கொமடோரின் இன்னொரு கணினியான அமிகாவுக்கு.

பெயரிலேயே எனக்கு ஒரு நெருடல். அசல் கொமடோர் பெட் 1977-இல் வந்தது. ஒன்பது அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையும் பக்கத்தில் கசெட் இயந்திரமும் ஒரே உடம்பில் இருந்த மேசைக் கணினி அது. வர்ணமும் இல்லை, சி64-இல் இருந்த எஸ்ஐடி போன்ற ஒலிச் சிப்பும் இல்லை. எங்கள் தலைமுறை உருகுவது 1982-இல் வந்த சி64-க்கு. போனுக்கு வைத்தது பெட் என்ற பெயர், உள்ளே காட்டியது சி64-இன் விளையாட்டு. இரண்டையும் நேசிக்கிறவர்கள் இந்தக் குழப்பத்தைச் செய்திருக்க மாட்டார்கள் என்றுதான் அன்றும் நினைத்தேன்.

அந்த எமுலேட்டருக்காகப் போன் வாங்க வேண்டியதில்லை. அது வைஸ் என்ற திறந்த மூல நிரலின் மாற்று வடிவம். வைஸ் தொண்ணூறுகளிலிருந்தே வளர்ந்து வருவது, எந்த அன்ட்ரொயிட் போனிலும் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். நான் போட்டுப் பார்த்தேன். சி64-இன் தொடக்க நீலத் திரை வருகிறது, "38911 பேசிக் பைட்டுகள் காலி" என்ற வரியும் வருகிறது, நெஞ்சு ஒரு கணம் நிற்கிறது. அதற்குப் பிறகு கண்ணாடியில் விரலைத் தேய்க்கவேண்டியதுதான். சி64 விளையாட்டுகள் எல்லாம் ஒரு குச்சியும் ஒரே ஒரு பொத்தானும் உள்ள ஜோய்ஸ்டிக்கை நம்பி எழுதப்பட்டவை. கைக்கு அந்தக் குச்சியின் எதிர்ப்பு கிடைக்காவிட்டால் பாய்வதும் சுடுவதும் அரைக் கணம் பிந்துகின்றன. பேசிக் மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதலாம் என்றால், விசைப்பலகை எழும்பிப் பாதித் திரையை மறைக்கிறது. இன்னொன்றும் உண்டு: ஐரோப்பாவில் விற்ற சி64 விநாடிக்கு 50 தடவை படத்தைப் புதுப்பிக்கும், அந்தக் காலத்துப் போன் திரைகள் 60 தடவை. பின்னணி நகரும் விளையாட்டுகளில் ஒரு சின்னத் துடிப்பு தெரியும். பழக்கமில்லாதவர் கவனிக்கமாட்டார். ஜேர்மனியில் வளர்ந்த எங்கள் கண் கவனிக்கும்.

த சி64 இந்த இடத்தில்தான் வெல்கிறது. 2018-இல் வந்த மினிப் பெட்டியில் விசைகள் வெறும் அலங்காரம், அது எனக்கு வேண்டாம். 2019 டிசம்பரில் வந்த முழு அளவுப் பெட்டியில் விசைப்பலகை உண்மையாக வேலைசெய்கிறது, கூடவே ஜோய்ஸ்டிக்கும் வருகிறது. 64 விளையாட்டுகள் உள்ளேயே இருக்கின்றன. எச்டிஎம்ஐ கம்பியால் தொலைக்காட்சியில் மாட்டலாம், 50 அல்லது 60 என்று மாற்றிக்கொள்ளலாம். சுமார் 120 யூரோவுக்கு வாங்கினேன். எதைத் தொட்டாலும் அந்தப் பழைய பொருள்தான் கையில் இருக்கிறது. கொமடோர் பெயர் மட்டும் இல்லை. வணிகச் சின்ன உரிமை அவர்களிடம் இருக்கவில்லை. பெயருக்கு உரிமை கோரியவர்கள் போன் செய்தார்கள், உரிமை இல்லாதவர்கள் கணினியைச் செய்தார்கள்.

ஆனால் இதெல்லாம் இரசனை. என்னை உண்மையில் முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. ஐந்து வருடம் கழித்து இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி.

போன் இணைய வலையோடு இணைந்து வாழும் பொருள். ஒவ்வொரு மாதமும் யாரோ அதன் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இந்தப் போன் அறிவிக்கப்பட்ட அதே 2015 ஜூலையில்தான் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பெரிய அன்ட்ரொயிட் ஓட்டை வெளியே வந்தது. ஒரு படச் செய்தி அனுப்பியே போனுக்குள் நுழைய வழி இருந்தது. அன்ட்ரொயிட் 5-உம் அதில் மாட்டியிருந்தது. அடுத்த மாதம் கூகுள் மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடங்கியது. ஆனால் கூகுள் திருத்தினால் மட்டும் போனுக்கு வந்துசேராது. சிப் செய்தவர் தன் பங்கை மாற்றிக் கொடுக்கவேண்டும், போனை விற்றவர் அதை எடுத்துச் சோதித்து அனுப்பவேண்டும். 2017-இல் அன்ட்ரொயிட் 8 இந்த வேலையைக் கொஞ்சம் பிரித்து இலகுவாக்கியது. அதற்கு முந்திய போன்களில் ஒவ்வொரு பதிப்பு மாற்றமும் அடியிலிருந்து செய்யவேண்டிய வேலை. பெரிய நிறுவனங்களே அதில் திணறின. ஒரு பழைய பெயரைப் போட்டு ஒரே ஒரு போன் விற்கும் சிறிய நிறுவனத்திடம் அதை எப்படி எதிர்பார்ப்பது?

பட்டரி கழற்றலாம் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் மாற்றுப் பட்டரி இலட்சக்கணக்கில் விற்ற மாடல்களுக்குத்தான் மூன்றாம் ஆட்களால் செய்யப்படுகிறது. திரைக் கண்ணாடிக்கும் அதே கதை.

பெயர் எவ்வளவு பெரியது என்பதும் இங்கே உதவாது. பிளக்பெரி பெயரில் சீனாவின் டிசிஎல் நிறுவனம் செய்த போன்களைப் பாருங்கள். உரிமம் முடிந்ததும் 2020 ஆகஸ்ட் 31-உடன் விற்பனை நின்றது, ஆதரவுக்கும் 2022 ஆகஸ்ட் வரைதான் நாள் குறித்தார்கள். கொமடோர் பெயரோ அதைவிட அலைந்தது. 1994 ஏப்ரலில் நிறுவனம் மூடப்பட்டது, அடுத்த வருடம் ஜேர்மனியின் எஸ்கொம் வாங்கியது, 1996-இல் எஸ்கொமே முறிந்தது, 1997-இல் நெதர்லாந்தின் டியூலிப்புக்குப் போனது. இப்படிக் கைமாறும் பெயரை நம்பி, தினமும் பராமரிக்கவேண்டிய ஒரு பொருளை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

த சி64 என்ற இந்தப் புதுப் பாண்பெட்டிக்கு இந்தக் கவலையே கிடையாது. அது வலைக்குப் போவதில்லை, அதனால் பூட்டவேண்டிய கதவும் இல்லை. பட்டரியும் இல்லை, யுஎஸ்பியில் மின்சாரம் எடுக்கிறது. செய்தவர்கள் நாளைக்குக் கடையை மூடினாலும், என் பெட்டி இன்று செய்வதை நாளையும் செய்யும். 1982-இன் அசல் கணினியின் குணமும் அதுதான். தட்டினால் இரண்டு விநாடியில் "ரெடி" என்று நிற்கும், யாரிடமும் அனுமதி கேட்காது. ஒரு போனுக்கு அந்தப் பெயரை ஒட்டினால் இந்தக் குணம் கூடவே வராது.

அசல் சி64-ஐயே தேடி வாங்கலாமே என்று தம்பி கேட்டான். வாங்கலாம், எஸ்ஐடி சிப்பின் உண்மையான ஒலியை எந்த நகலும் முழுதாகத் தருவதில்லை. ஆனால் அதன் பழைய பவர் அடாப்டரை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே உள்ள மின்னழுத்த ஒழுங்காக்கி பழுதானால் 5 வோல்ட் ஏறி நினைவகச் சிப்புகளை எரித்துவிடும். புது அடாப்டருக்கும், கையில் சோல்டரிங் இரும்பு பிடிக்கத் தெரிந்த ஒரு நண்பருக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

அமிகா பக்கம் எனக்கு அனுபவம் குறைவு. போனில் இருந்த அமிகா எமுலேட்டரைப் பற்றி அதை நெடுநாள் பயன்படுத்தியவர்தான் சொல்லவேண்டும். மறுவிற்பனையும் அப்படியே. பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கும் சேகரிப்பாளருக்கு அந்தப் போனில் வேறு கணக்கு இருக்கலாம். அவர் அதில் வங்கிக் கணக்கைத் திறக்கப்போவதில்லை.

2025-இல் கொமடோர் பெயரைப் பழைய கணினி இரசிகர்கள் சிலர் சேர்ந்து வாங்கினார்கள். அவர்கள் முதலில் அறிவித்தது கொமடோர் 64 அல்டிமேட் என்ற கணினி. உள்ளே உள்ள சுற்றை விரும்பியபடி அமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப் வைத்து அசல் சுற்றையே மறுபடி கட்டியிருக்கிறார்கள், அறிவித்தபோது தொடக்க விலை சுமார் 300 டொலர். அதற்குப் பத்து வருடம் முன் அந்தப் போனுக்குக் கேட்ட அதே காசு. நான் இன்னும் அதில் கைவைத்ததில்லை, அதனால் த சி64-ஐவிட நல்லது என்று சொல்லமாட்டேன். ஆனால் பழைய கார்ட்ரிட்ஜை நேராகவே அதில் செருகலாம். தம்பி ஒன்று எடுப்பதாகச் சொல்கிறான். அப்பாவின் இரண்டு கார்ட்ரிட்ஜையும் துடைத்து மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்.