சிறுவர் இயர் மஃப்: வாங்கலாம், ஆனால் வகுப்பு நேரம் முழுக்க மாட்டிவிட அல்ல

பள்ளி மணி, சாப்பாட்டுக் கூடத்து இரைச்சல், கழிப்பறையில் கை உலர்த்தும் மிஷின். சத்தம் தாங்காத ஆட்டிசக் குழந்தைக்குப் புதுப் பள்ளியில் பெரும் தலைவலி தருபவை இவைதான். இவற்றுக்கென்றே கிடைப்பது பேட்டரி இல்லாத, மடக்கி வைக்கக்கூடிய சிறுவர் இயர் மஃப்: தலைமேல் ஒரு பட்டை, காதுகளை மூடிச் சத்தத்தைக் குறைக்க இரண்டு கிண்ணங்கள். நல்ல பொருள். எண்ணைப் பார்த்து மட்டும் வாங்கினால் வீணாகும்.

பெட்டியில் எஸ்என்ஆர் என்று ஓர் எண் இருக்கும், எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்பதன் அளவு அது. சிறுவர் மாடல்களில் 25 முதல் 27 டெசிபல் சகஜம். அமெரிக்கப் பெட்டிகளில் என்ஆர்ஆர் என்று போட்டிருப்பார்கள்; அது வேறு கணக்கு, அதே மாடலுக்கே சற்றுக் குறைவாகத்தான் வரும். அதைவிட உதவுவது எச், எம், எல் என்று பிரித்துக் காட்டும் மூன்று எண்கள்: கீச்சுச் சத்தம், நடுத்தரம், அடித்தொனி. எல் எப்போதும் சிறிய எண்ணாகவே இருக்கும். அதனால் மணியும் வீல் என்ற அலறலும் நன்றாக அடங்கும். ஏசியின் உறுமல் அவ்வளவாக அடங்காது. குழந்தையை வாட்டுவது அந்த உறுமல்தான் என்றால் சத்தத்தை மின்னணு முறையில் அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் பார்க்க வேண்டும். அதுவோ திடீர் மணிக்குப் பெரிதாகக் கைகொடுக்காது.

எண்ணைவிட முக்கியம் பொருத்தம். மெத்தை வளையம் காதைச் சுற்றி முழுவதும் தோலில் பதிய வேண்டும், காது மடல் உள்ளே மடங்காமல் இருக்க வேண்டும். கண்ணாடிக் காம்பு, கற்றை முடி, தொப்பி விளிம்பு, எது இடையில் வந்தாலும் சத்தம் அந்தச் சந்து வழியே நுழைந்துவிடும். பட்டையின் பக்கவாட்டு நீளத்தைத் தளர்வாக விட்டால் கிண்ணம் நழுவிக் காது மடலை அழுத்தும். குழந்தை பிடுங்கி எறியும். ‘இவனுக்கு இது பிடிக்கலை’ என்று பெட்டிக்குள் போய்விடும். இருபது நிமிடம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். சிவப்பு வளையம் சீக்கிரம் மறையாவிட்டால் பிடி அதிகம். ஓர் இரவு புத்தக அடுக்கின் மேல் விரித்து மாட்டி வைத்தால் தளரும். அளவுக்கு மீறித் தளர்த்தினால் தடுக்கும் திறனும் போய்விடும். மடக்கு மூட்டில் விரல் நசுங்கும், அந்த ‘டிக் டிக்’ பிடித்துப்போனால் வகுப்பில் அதுவே விளையாட்டுச் சாமான்! மெத்தை வியர்வையில் ஊறி விறைக்கும், ஆகவே மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிற மாடலையே வாங்குங்கள்.

பள்ளி திறக்கும் அன்று பெட்டியைப் பிரிப்பதில் அர்த்தமில்லை. நான்கு வாரமாவது முன்பே தொடங்க வேண்டும். முதலில் பொம்மைகளோடு கிடக்கட்டும், தானாக எடுத்துப் பார்க்கட்டும். பிறகு பிடித்த வேலை நடக்கும்போது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். குழந்தை தவிக்கும் முன்னரே கழற்றிவிடுங்கள். அடுத்து, மணியின் பதிவைச் சன்னமாக ஓடவிட்டு, படம் வரைந்த அட்டைகளைக் காட்டி: மணி, மாட்டு, முடிந்தது, கழற்று. கடைசிப் படம்தான் பலரும் விட்டுவிடுவது. மாட்டுவதைப் போலவே கழற்றுவதையும் பழக்கவில்லை என்றால் பாடம் நடக்கும்போதும் தலையிலேயே இருக்கும்.

அதில் இரண்டு சிக்கல். ஆசிரியர் குரலும் சேர்ந்து மங்கும். அமைதியான இடத்திலும் மணிக்கணக்கில் போட்டிருந்தால், கழற்றியதும் சாதாரணச் சத்தமே பெரிதாகக் கேட்கத் தொடங்கலாம். மணி, கூட்டம், சாப்பாடு, கழிப்பறை என்று எங்கே போடுவது என்பதை வகுப்பாசிரியரோடு முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். தீயணைப்பு ஒத்திகையில் வாய்மொழி உத்தரவு காதில் விழாமல் போகலாம். தோளைத் தொட்டு உணர்த்த வேண்டும், அது ஒவ்வாத குழந்தை என்றால் எதிரே வந்து அட்டையைக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள்.

காதுக்குள் செருகும் சின்ன பிளக்குகள் கண்ணுக்குத் தெரியாது என்பது நிறை. கையில் கிடைப்பதை வாயில் வைக்கும் குழந்தைக்கு அவை வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

முடிந்தால் இரண்டாக வாங்குங்கள்: ஒன்று பையின் வெளிப்புறக் கொக்கியில், ஒன்று வகுப்பு அலமாரியில். இரண்டும் ஒரே மாடல், ஒரே நிறம். நிறம் மாறினாலே தொட மறுக்கும் குழந்தைகள் உண்டு.