பீட்டர் ப்ராக் ஓட்டின 1979 டொரானா ஏ9எக்ஸ், 1:18 மாடல் கார்: வாங்கலாமா?

முதல்லயே சொல்லிடறேன், பட்ஜெட் இடம் கொடுத்தா தாராளமா வாங்கலாம். இருநூறு டாலருக்கு மேல போகுது, வீட்ல கேள்வி வரும், ஆனா இது எந்தக் காரோட மாடல், அத ஓட்டினவர் யாருன்னு தெரிஞ்சா அந்த விலை எனக்கு உறுத்தல. கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல, இந்தக் கார டை-காஸ்ட்ல (உலோகத்த அச்சுல வார்த்து செய்யற மாடல்) ஒண்ணுக்கு மேல கம்பெனி போட்டிருக்காங்க, நான் சொல்ற பாயிண்ட் எல்லாம் எந்த கம்பெனி மாடல் வாங்கினாலும் நீங்க செக் பண்ண வேண்டியதுதான்.

நம்ம ஆளுங்கள்ல நெறய பேருக்கு ரேஸிங்னா ஃபார்முலா ஒன் மட்டும்தான். டூரிங் கார் ரேஸிங் வேற உலகம். ஷோரூம்ல விக்கிற குடும்பக் காரையே ரேஸுக்கு மாத்தி ஓட்டுவாங்க. ஆஸ்திரேலியால அதுக்குப் பெரிய கோயில் பாதர்ஸ்ட்ல இருக்கற மவுண்ட் பனோரமா, ரேஸ் இல்லாத நாள்ல அது சாதாரண பப்ளிக் ரோடு, யார் வேணா கார் எடுத்துட்டுப் போகலாம், ஸ்பீட் லிமிட் 60. அந்த மலைல நடக்கற பெரிய ரேஸ 9 தடவ ஜெயிச்ச ஒரே ஆள் பீட்டர் ப்ராக். 1972, 75, 78, 79, 80, 82, 83, 84, 87. மலையோட ராஜான்னே அவருக்குப் பேரு. மெல்போர்ன்ல ஸ்பிரிங்வேல் பக்கம் குடியிருக்கற நம்ம ஆளுங்க தினம் தாண்டிப் போற சாண்டவுன் டிராக் இருக்கே, அங்க நடந்த நீண்ட தூர ரேஸையும் 9 தடவ ஜெயிச்சிருக்காரு, அதுல 1975லேருந்து 81 வரைக்கும் வரிசையா 7 வருஷம்.

இப்ப மாடலுக்கு வர்றேன். 1:18ன்னா நெஜக் காரோட பதினெட்டுல ஒரு பங்கு, நீளம் சுமார் 25 சென்டிமீட்டர், கைல எடுத்தா நல்ல வெயிட்டு. சிவப்பு வெள்ளை பெயிண்ட் அருமை, கோடு எங்கயும் பிசிறு தட்டல, கதவு ரெண்டும் பானட்டும் பின்னாடி ஹேட்ச்சும் திறக்குது, ஸ்டியரிங்க திருப்பினா முன் சக்கரம் திரும்புது. நான் முதல்ல பாத்தது பானட் மேல இருக்கற ஸ்கூப்பத்தான், அதாவது காத்து உள்ள போறதுக்கான புடைப்பு. அதோட வாய் பின்பக்கம், கண்ணாடியப் பாத்து இருக்கும். புதுசா பாக்கறவங்க தப்பா ஒட்டிட்டாங்கன்னு நெனப்பாங்க, ஆனா நெஜக் கார்லயே அப்டித்தான். கார் வேகமா போகும்போது முன் கண்ணாடி அடில காத்து அழுத்தம் ஜாஸ்தியா சேரும், அந்தக் காத்த எஞ்சினுக்கு இழுக்கத்தான் அந்த வாய்.

அடுத்து பின் சக்கரம். டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, டிஸ்க் பிரேக் தெரியணும். இது ஏன் முக்கியம்னா ஏ9எக்ஸ்னு ஒரு கார ஆஸ்திரேலியக் கார் கம்பெனி ஹோல்டன் 1977ல கொண்டு வந்ததுக்கு ஒரு பெரிய காரணமே அதுதான், அதுக்கு முன்னாடி ரேஸ்ல இருந்த எல்34 டொரானால பின்னாடி டிரம் பிரேக். 5 லிட்டர் வி8 எஞ்சின வெச்சுக்கிட்டு மலை உச்சிலேருந்து கான்ராட் ஸ்ட்ரெய்ட்ல முழு வேகத்துல இறங்கி கடைசில பிரேக் புடிக்கணும், அதையும் 1000 கிலோமீட்டர், லேப்புக்கு லேப் (ஒவ்வொரு சுத்துலயும்) செய்யணும்னா டிரம் எப்டி தாங்கும்? என் மாடல்ல டிஸ்க் சுத்தமா செஞ்சிருக்காங்க. இத மட்டும் ஏமாத்தியிருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்.

கதவுல இருக்கற 05 நம்பர் அழகா பிரிண்ட் ஆகியிருக்கு. குடிச்சிட்டு வண்டி ஓட்டக் கூடாது, ரத்தத்துல ஆல்கஹால் 0.05 தாண்டக் கூடாதுங்கற ரோட் சேஃப்டி பிரச்சாரத்துக்காக ப்ராக் 70கள்ல எடுத்துக்கிட்ட நம்பர் அது, கடைசில அவர் பேரோடயே ஒட்டிக்கிச்சு. அந்தக் காலத்துல டீமுக்கு ஸ்பான்சர் பண்ண சிகரெட் கம்பெனி பேரு மட்டும் என் மாடல்ல இல்ல, அந்த இடம் வெறுமையா இருக்கு. புகையிலை விளம்பரத்துக்கு இங்க ஆஸ்திரேலியால தடை இருக்கறதால இப்டித்தான் வரும், எனக்கு அதுல வருத்தம் இல்ல, நம்பர் 05 இருக்கற கார்ல சிகரெட் பேரு இல்லாம இருக்கறதே நல்லதுதான்.

சரி, அவரோட 9 ஜெயிப்புல ஏன் 1979 கார வாங்கணும்? அந்த வருஷம் ப்ராக்கும் ஜிம் ரிச்சர்ட்ஸும் சேந்து ஓட்டி 6 லேப் வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. 6 செகண்ட் இல்ல, 6 லேப். ரெண்டாவது வந்த பீட்டர் ஜான்ஸன், லாரி பெர்க்கின்ஸ் ஜோடியும் இதே ஏ9எக்ஸ்தான் ஓட்டினாங்க, அதனால கார் நல்ல கார், அதான் ஜெயிச்சான்னு சொல்ல முடியாது (அந்த பெர்க்கின்ஸ்தான் பின்னாடி 82, 83, 84ல ப்ராக்கோட சேந்து ஜெயிச்சவரு). 6 லேப் முன்னாடி இருக்கறவன் கடைசி லேப்ல என்ன செய்வான், கார பத்திரமா கொண்டு போய் சேக்கலாம்னு மெதுவா உருட்டிட்டு வருவான், எந்த டீம் மேனேஜரும் அததான் சொல்லுவாரு. ப்ராக் அந்தக் கடைசி லேப்லதான் லேப் ரெக்கார்ட உடைச்சாரு, 2 நிமிஷம் 21.1 செகண்ட். அத்தன மணி நேரம் அடி வாங்கின கார்ல, அத்தன மணி நேரம் ஓட்டின உடம்போட. இதுக்கு ஈடா டூரிங் கார் ரேஸ்ல எனக்கு இன்னொரு லேப் தெரியல.

1972 ஜெயிப்பு ரசிகர்களுக்கு அந்தக் காரோட மாடலும் கிடைக்குது, டொரானா எக்ஸ்யூ-1. மழைல, கூட மாத்தி ஓட்ட ஆள் இல்லாம தனியா, 6 சிலிண்டர் கார வெச்சுக்கிட்டு ஆலன் மொஃபட்டோட பெரிய ஃபோர்ட் ஃபால்கன தோக்கடிச்ச ரேஸ் அது. அடுத்த வருஷமே ரேஸ் 500 மைல்லேருந்து 1000 கிலோமீட்டர் ஆயிடுச்சு. எனக்கு ரொம்ப புடிச்ச ஜெயிப்பு அதுதான், ஆனா அலமாரில வெச்சுப் பாக்க சக்கரத்துக்கு மேல அகலமா வெளிய தள்ளின ஃப்ளேர் வெச்ச இந்த ஏ9எக்ஸ் அழகே தனி.

1987 பத்தியும் சொல்லணும், ஏன்னா கடைல விக்கறவங்க அந்தக் கதைய பாதிதான் சொல்றாங்க. எனர்ஜி போலரைசர்னு காந்தமும் கிரிஸ்டலும் வெச்ச ஒரு பெட்டி, அத கார்ல மாட்டினா கார் நல்லா ஓடும்னு ப்ராக் மனசார நம்பினாரு, அறிவியல் பூர்வமா ஒண்ணும் இல்லாத விஷயம், அதனால ஹோல்டன் அவரோட உறவையே முறிச்சிக்கிச்சு. அவர் மேல எவ்ளோ மரியாதை இருந்தாலும் அது தப்புதான்னு நான் சொல்லுவேன். அதே வருஷம் கம்பெனி சப்போர்ட் இல்லாம பாதர்ஸ்ட் வந்தாரு, 05 கார் சீக்கிரமே புட்டுக்கிச்சு, டீமோட இன்னொரு கார் 10ஆம் நம்பருக்கு மாறி மூணாவதா முடிச்சாரு, முன்னாடி வந்த ரெண்டு ஃபோர்ட் சியராவையும் பின்னாடி தகுதி நீக்கம் பண்ணவும் ஒம்பதாவது ஜெயிப்பு அவருக்கு வந்துச்சு. அதனால 87 ஜெயிச்ச கார்னு யாராவது 05 நம்பர் போட்ட கமோடோர் (அந்த வருஷம் அவர் ஓட்டின ஹோல்டன் கார்) மாடல காட்டினா வாங்காதீங்க, ஜெயிச்சது 10.

குறைகள். வந்தப்போ டிரைவர் பக்க கண்ணாடி கழண்டு பெட்டிக்குள்ள கெடந்துச்சு, ஆன்லைன் கடைக்கு மெயில் போட்டும் சரியான பதில் இல்ல, நானே ஒட்டிக்கிட்டேன். எஞ்சின் பகுதில வயர், ஹோஸ் எல்லாம் இன்னும் நுணுக்கமா செஞ்சிருக்கலாம், இந்த விலைக்கு அது எதிர்பாக்கறது நியாயம்தான். கூட வந்த அட்டைல ப்ராக் பத்தி நாலே வரி. 2006 செப்டம்பர் 8, மேற்கு ஆஸ்திரேலியால டார்கா ராலில 61 வயசுல கார் மரத்துல மோதி இறந்துட்டாரு, அடுத்த மாசமே பாதர்ஸ்ட்ல ஜெயிக்கறவங்களுக்குன்னு அவர் பேர்ல கோப்பை வெச்சாங்க, அத முதல்ல வாங்கினது அவர் வளத்து விட்ட கிரெய்க் லௌண்டஸ், ஜேமி விங்கப்போட சேந்து. இதெல்லாம் அந்த அட்டைல இருந்திருக்க வேணாமா? கார் தெரியாம பரிசா வாங்கிக் கொடுக்கறவங்களுக்கு அதுதானே முக்கியம்.

வாங்கறதா இருந்தா பெட்டியும் சர்ட்டிஃபிகேட்டும் சேத்து வாங்குங்க, பின்னாடி விக்கறப்ப அது இல்லன்னா விலை கணிசமா கொறையும். நேர் வெயில் படற இடத்துல வெக்காதீங்க, சிவப்பு மங்கிடும். தூசி தொடைக்க துணி வேணாம், பெயிண்ட் பிரஷ் போதும், குறிப்பா ஒட்டின கண்ணாடி பக்கம்.